யார் பெரிய கார்னர்

மேடையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஆவுடையின் அண்ணன் பலவேசம், வலது ஓரத்தில் ஆவுடையின் வீட்டுக்காரர் சுயம்பு, நடுவில் நிர்மல் என்கிற இந்தக் காலத்துப் பையன். நல்லவேளை நடுவில் ஒருத்தனைப் போட்டார்கள் என்று ஆவுடை நினைத்தாள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து விழா முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கழுத்து சுளுக்கியிருக்கும், பிறகு அதற்கும் எண்ணெய் காய்ச்சுகிறவள் அவள்தான். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலி சூடேறிப் புடவையோடு ஒட்டிக்கொண்டது. செங்கதிர் கபடிக் குழுவுக்குப் பொன்விழா என்று ஊர் முழுக்கக் கொடி கட்டி, மேடைக்குப் பின்னால் மூன்று பேர் படத்தையும் ஆளுயரத்துக்கு அச்சடித்து, மேலே ‘எந்தக் காலத்து கார்னர் பெரிய கார்னர்?’ என்று ஒரு கேள்வியையும் போட்டு வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றிய கேள்வியோ. ஊரில் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது, அதைக் கேட்க ஒரு பேனர் கிடையாது. கார்னர் என்றால் கபடியில் வரிசையின் கோடியில் நிற்கிற ஆள். பாடி வருகிறவன் காலை நீட்டுகிற நேரம் பார்த்துப் பாய்ந்து பிடிக்க வேண்டும், அவன் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் மேலே வந்து விழுவார்கள். புள்ளி எல்லாருக்கும், அடி கார்னருக்கு. இந்த மட்டுக்கு ஆவுடைக்குத் தெரியும், பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வேறு பேச்சே இருந்ததில்லை. அண்ணன் பெரியவனா புருஷன் பெரியவரா என்று இத்தனை ஜனம் கைதட்டித் தீர்மானிக்கப் போகிறது, யார் ஜெயித்தாலும் நஷ்டம் அவளுக்குத்தான். தை மாசம் மகள் சுபாஷினிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டும். அண்ணன் வருவானா? வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோயில்பிச்சை வாத்தியார் மைக்கைப் பிடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதி ஊதிப் பழகியதாலோ என்னவோ மைக் கையில் இருந்தாலும் கத்தித்தான் பேசுவார். முதலில் பலவேசத்தின் காலம் என்று ஆரம்பித்தார். செம்மண் தரை, வெறுங்கால், பலவேசம் அவசரப்படாத ஆள், பாடி வருகிறவனை உள்ளே வரவிட்டு, இன்னும் வரவிட்டு, அவன் திரும்புகிற அந்த நேரத்தில் தொடையோடு சேர்த்துத் தூக்கினால் வந்தவன் கால் தரையில் பாவாது, அப்படி ஒரு பிடியை இந்த ஜில்லாவில் யாரும் பார்த்ததில்லை என்றார். பிறகு சுயம்புவின் காலம். இவர் பிடி கணுக்கால் பிடி, பாம்பு மாதிரி படுத்தே பாய்வார், வந்தவன் காலை நீட்டினானா இல்லையா என்று நடுவர் யோசிக்கும்போதே அவன் மண்ணைக் கவ்வியிருப்பான். அப்புறம் நிர்மல், செம்மண் போய் ரப்பர் விரிப்பு வந்துவிட்ட காலம், காலில் ஷூ, எதிராளி ஆட்டத்தை செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து விளையாடுகிற மூளை. ஆவுடை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அண்ணனின் காலம் என்பது வேறு. அது வண்ணான்கூட வாங்க மறுத்த பனியன், ஊறவைத்தால் வாளித் தண்ணீர் ரத்தம் மாதிரி சிவந்துபோகும், எத்தனை கசக்கினாலும் வெள்ளை ஆகாது, முதுகில் கிழிந்திருந்தால் இழுத்துப்போட்டிருக்கிறார்கள், தோளில் கிழிந்திருந்தால் இவன் விடாமல் பிடித்திருக்கிறான், அதைப் பார்த்தே அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்லிவிடுவாள். முட்டி வீங்கிய நாள்களில் கற்பூரம் போட்டு எண்ணெய் காய்ச்சி அவள்தான் தேய்ப்பாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஏட்டி, அம்மாகிட்டச் சொல்லிராத என்பான். இன்றைக்கு அந்த முட்டி மடங்காது, மேடைக்கு அவனை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினார்கள். அதேபோல் புருஷனின் காலம் என்றால் அவளுக்கு விரல்கள். கல்யாணமான புதிதில் சுயம்புவுக்கு எவ்வளவு நேரான விரல்கள் இருந்தன, தாலி முடிச்சு போடும்போது அதைத்தான் பார்த்தாள், வெட்கத்தில் வேறு எதையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறது. சட்டைப் பித்தான் அவள்தான் போட்டுவிடுகிறாள், சோற்றை அவள்தான் பிசைந்து வைக்கிறாள், அவர் ஸ்பூனால் சாப்பிடுகிறார், விருந்தாளி வந்தால் பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். மேடையில் அந்த இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எது பெரிது, முட்டியா விரலா, அதையும் ஒரு பேனரில் போட்டுக் கேட்டிருக்கலாம், அதற்கானால் அவளே எழுந்துபோய்ப் பதில் சொல்வாள்.

பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டுக் கோமதி, எங்க அண்ணாச்சிதான் ஜெயிப்பாவ பாருங்க அக்கா என்றாள். எந்த அண்ணாச்சி என்று ஆவுடை கேட்கவில்லை, கோமதிக்கு இரண்டு பேருமே அண்ணாச்சிதான். பாழாய்ப்போன பேச்சு, இப்படித்தான் அன்றைக்கும் ஆரம்பித்தது. பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டு வந்திருந்தான் அண்ணன், கரும்பும் மஞ்சள்குலையும் வெண்கலப் பானையுமாக, வருஷம் தவறினதில்லை, சுபாஷினி சடங்குக்குப் பட்டு எடுத்து வந்து நின்றதும் அவன்தான். இலை போட்டு உட்கார்ந்தார்கள். அவியல் நன்றாக வந்திருந்தது, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணே என்று குனிந்திருந்தாள், அந்த நேரத்தில் பக்கத்து இலையில் இருந்த சுயம்புவின் சித்தப்பா மகன், அவன் வாயில் புற்று வைக்க, ஏன் மச்சான், நீங்க இந்தக் காலத்துல வெளையாடியிருந்தா எங்க அண்ணாச்சி அளவுக்கு வந்திருப்பீங்களா என்று விளையாட்டாகக் கேட்டான். அண்ணன் சிரித்தான். அதோடு போயிருக்கும். சுயம்புதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மச்சான் காலத்துல பாடி வர்றவனே பிடிச்சுக்கோன்னு காலை நீட்டிக் குடுத்துட்டுல்லா நிப்பான் என்றார். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு அண்ணன் பாதி இலையில் எழுந்துவிட்டான். கையைக்கூடக் கழுவவில்லை, அவியல் கையோடு செருப்பைப் போட்டான், செருப்பு வாரில் தேங்காய் ஒட்டியிருந்தது, அவள் வாசல்வரை கரண்டியோடு ஓடினாள். அதற்கப்புறம் பொங்கல்படி வரவில்லை. அடுத்த தைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கடுத்த தைக்கும் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள், விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் வெற்றிலை பாக்கு தட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள், தனியாகப் போனாள், அதுதான் அவள் செய்த மடத்தனம். புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாகப் போய் வைத்தால்தான் அது அழைப்பு, தனியாகப் போய் வைத்தால் அது தபால். சுயம்புவிடம் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை, வேணும்னா அவரு வரட்டும், நான் எதுக்குப் போவணும் என்று கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதினி முகம் கொடுத்துப் பேசினாள், காப்பி தந்தாள், தட்டை மட்டும் வாங்கவில்லை. பின்கட்டில் அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டது, வரவில்லை. மதினியிடம் சொல்லி அனுப்பினான், தனியா வந்து வைக்கிறது எனக்கு அழைப்பு இல்ல. வெற்றிலை தட்டிலேயே வாடிப்போய் அவளோடு திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா போன் போட்டால் அந்த ஒன்றைக் கேட்காமல் வைப்பதில்லை, தாய்மாமன் வந்துருவாருல்லா? வந்துருவான் சம்மந்தி, வராம இருப்பானா என்பாள் ஆவுடை. பொய் சொல்லிச் சொல்லி நாக்கில் புண் வந்துவிட்டது. வராவிட்டால் சபையில் ஒரு வார்த்தை வரும், பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா, இருந்தும் வரலையா, அப்போ என்னவோ இருக்கு. அந்த ‘என்னவோ’ சுபாஷினி தலையில் போய் உட்காரும், காலத்துக்கும் இறங்காது. கபடியில் எவன் பெரியவன் என்பதற்காக இந்தப் பிள்ளை ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும்? கேட்கத்தான் நினைத்தாள், இரண்டு பேரிடமும். யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது கைதட்டலுக்கு வந்துவிட்டார்கள். ஆவுடை வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். அண்ணன் ஜெயித்தால் சுயம்பு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அழைக்க வரவே மாட்டார். சுயம்பு ஜெயித்தால் அண்ணன் இந்த ஜென்மத்துக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டான். நிர்மல் ஜெயிக்க வேண்டும். நேற்றுப் பிறந்த பையனிடம் இரண்டு பேரும் சேர்ந்து தோற்றால், ஒரே வயிற்றெரிச்சல் இரண்டு பேருக்கும் வந்தால், அதிலே ஒரு ஒட்டுதல் வராதா, வரும், ஆம்பளைகள் சந்தோஷத்தில் சேராவிட்டாலும் பொறாமையில் சேர்ந்துவிடுவார்கள். குலசாமிக்கு நேர்ந்துகூட விட்டாள், சாமிக்கே புரிந்திருக்காது என்னடா வேண்டுதல் இது என்று. பலவேசம் என்று வாத்தியார் கத்தியதும் வடக்குத் தெரு தட்டியது, வயசாளிகள் துண்டைச் சுழற்றினார்கள். சுயம்பு என்றதும் தெற்குத் தெரு தட்டியது, சத்தத்தில் கூடக்குறைய இல்லை. நிர்மல் என்றதும் இளவட்டங்கள் விசிலடித்துக் கூட்டம் இரண்டுபட்டது, ஆவுடையும் கை சிவக்கத் தட்டினாள், கோமதி அவளை விசித்திரமாகப் பார்த்தாள், பார்க்கட்டும். ஜெயித்துவிட்டான், சந்தேகமே இல்லை, ஜெயித்துவிட்டான் என்று அவளுக்கு நெஞ்சு லேசானது, மூச்சைக்கூட முழுசாக விட்டாள். அந்தப் பையன் எழுந்து மைக்கை வாங்கினான். நல்ல பையன், நெற்றியில் திருநீறு, வளர்ப்பு அப்படி. இந்த ரெண்டு பேரும் நிக்கிற எடத்துல நான் போட்டிக்கே வரக்கூடாது, என்னைக் கணக்குல சேக்காதீங்க என்று சொல்லிவிட்டு இரண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டு மேடையைவிட்டே இறங்கிப் போய்விட்டான். ஜனம் உருகிப்போய்த் தட்டியது. ஆவுடைக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. இவனை யார் மரியாதை கேட்டது, எத்தனையோ பயல்கள் மரியாதை இல்லாமல் திரிகிறான்கள், இவனுக்கு இன்றைக்குத்தானா அது பொங்கிக்கொண்டு வரவேண்டும்? நடு நாற்காலி காலியாகிவிட்டது. இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர், நடுவே யாரும் இல்லாமல் இரண்டு பேரும் இன்னும் விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

வாத்தியார் விடவில்லை. ரெண்டு பேருக்கும் சமமாத் தட்டிட்டீங்க, இதுக்குத் தீர்ப்புச் சொல்ல நம்ம ஊர்ல ஒரே ஒரு ஆளுதான் இருக்கு என்று சிரித்தார். ஒருத்தருக்குத் தங்கச்சி, ஒருத்தருக்குச் சம்சாரம், ரெண்டு ஆட்டத்தையும் அவங்களை மாதிரி பக்கத்துல இருந்து பாத்தவங்க யாரு என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. மைக் ஆள் கையாகக் கை மாறி வந்தது, ஒயர் பத்தாமல் இழுத்தார்கள், கோமதி அவளை முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்தவள். சின்னப் பிள்ளையில் ஒரு தடவை போனாள், கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த ஆட்டம், கயிற்றுக்குப் பின்னால் ஆம்பளைகளின் இடுப்புகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள், அண்ணன் கோடியில் குனிந்து நின்றான், இரண்டு கையும் விரிந்திருந்தது, எதிராளி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான், அப்போது அண்ணன் கண் அவள் மேல் பட்டது, அவ்வளவுதான், பிடி தவறிவிட்டது. என்ன நடந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை, பயத்தில் அப்போதே வீட்டுக்கு ஓடிவிட்டாள். ராத்திரி வந்து அறைந்தான், காது ரொம்ப நேரம் கூவிக்கொண்டே இருந்தது, பொட்டச்சி நெழலு பட்டா ஆட்டம் வெளங்குமாட்டி, இனி அந்தப் பக்கம் தல காட்டுன கால ஒடிச்சுருவேன். கல்யாணமாகி வந்த வீட்டில் ஆசையாகக் கேட்டாள், ஏங்க, ஒரு ஆட்டம் வந்து பாக்கட்டுமா. சுயம்பு அடிக்கவில்லை, அதிர்ந்துகூடப் பேசவில்லை, உங்க அண்ணன் சொன்னது சரிதான் என்றார், ஆட்டத்துக்கு முந்தின நாளே அவள் முகத்தில் முழிக்காமல் குழுவின் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அவளுக்கு வைத்த சட்டத்தில் மட்டும் ஒரு வார்த்தை மாறவில்லை. மைதானத்தின் கூச்சல் வீடுவரை கேட்கும், கூச்சலை வைத்து நம் ஆளா அவன் ஆளா என்று யூகிப்பாள், அடுப்பில் எண்ணெய் காய்ச்சி வைத்துக் காத்திருப்பாள். அதுதான் அவள் பார்த்த ஆட்டம். மைக் கனமாக இருந்தது, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, ஏதாவது மழுப்பிவிடலாம், ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு என்று சொல்லலாம், அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள்.

“எனக்குத் தெரியாது சார். இவங்க ரெண்டு பேரு ஆட்டத்தையும் நான் ஒரு நாளும் பாத்ததில்ல. மொதல்ல இவன் விடல, பொறவு அவிய விடல. பனியன் தொவச்சிருக்கேன், எண்ண தேச்சிருக்கேன். ஆட்டம் பாத்ததில்ல.”

அவள் குரல்தான், ஆனால் நான்கு மூலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்தும் வேறு யாரோ சொல்வது போல ஊருக்கெல்லாம் கேட்டது. மேடையில் இரண்டு கழுத்தும் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பக்கம் திரும்பின, அவள் பக்கம். ஆவுடை இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. அவளுக்கு அப்போது கல்யாணம் ஞாபகத்தில் இல்லை, மாலை ஞாபகத்தில் இல்லை, இரண்டு பேரில் ஒருத்தன் தலையைக் குனிந்தால் போதும் என்று இருந்தது. யாராவது ஒருத்தன். அண்ணன் குனிந்தாலும் சரி, அவர் குனிந்தாலும் சரி, ஆமாட்டி, விட்டிருக்கலாம், ஒரு நாளாவது விட்டிருக்கலாம் என்று வாயால் சொல்லக்கூட வேண்டாம், மண்ணைப் பார்த்தால் போதும். காத்திருந்தாள். அண்ணன் மெல்லக் காலி நாற்காலியின் மேல் கையை ஊன்றி சுயம்புவின் பக்கம் சாய்ந்தான். நடு நாற்காலிக்கு முன்னால் ஸ்டாண்டில் இருந்த இன்னொரு மைக் அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டது.

“கேட்டீரா மாப்ள கதைய. ஆட்டமே பாக்காதவகிட்டப் போயித் தீர்ப்புக் கேக்காவ.”

சுயம்பு ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகம் முழுக்க மலர்ந்தது, சுபாஷினி பிறந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது.

“பொம்பளயக் களத்துப் பக்கம் விடக்கூடாதுன்னு நீங்க போட்ட சட்டம் சரிதான் மச்சான். மைக்குப் பக்கமும் விட்டிருக்கக் கூடாது.”

மைதானம் வெடித்துச் சிரித்தது. வடக்குத் தெரு தெற்குத் தெரு வித்தியாசமில்லாமல் சிரித்தது, வயசாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கோமதி சிரித்தாள். வாத்தியார் இதுதான் சமயம் என்று இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தினார், அண்ணன் மடங்காத காலை இழுத்துக்கொண்டு நடந்துபோய் சுயம்புவின் மணிக்கட்டைப் பிடித்தான், துண்டுக்குள் இருந்த கை வெளியே வந்தது, அந்தக் கோணல் விரல்கள் அண்ணனின் மணிக்கட்டைப் பற்றின, கபடியில் பக்கத்துப் பக்கத்து ஆள்கள் சங்கிலி போடுகிற மாதிரி. இரண்டு பேரும் பெரிய கார்னர் என்று அறிவித்து ஒரே பொன்னாடையை இரண்டு பேர் தோளிலும் போட்டார்கள். வெடி வெடித்தது. ஆவுடையின் கையிலிருந்து மைக்கை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், அவள் உட்கார்ந்தாள். மைதானத்துக்கே கேட்கச் சொன்னதுதான், யார் காதிலாவது விழுந்ததா என்று யோசித்தாள். காதில் விழாமலா சிரித்தார்கள், விழுந்தது, எல்லாருக்கும் நன்றாகவே விழுந்தது, அதில் சிரிக்கத்தான் ஏதோ இருந்திருக்கிறது. உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு பேரையும் சேர்த்துவைக்க எத்தனை பேர் காலில் விழுந்தாள், எத்தனை கோயில் ஏறினாள், கடைசியில் சேர்ந்து அவளை ஏளனம் செய்ய ஒரு சந்தர்ப்பம் கொடுத்தால் போதும் என்று இருந்திருக்கிறது, முதல் வருஷமே தெரிந்திருந்தால் பொங்கல்படியாவது நிற்காமல் வந்திருக்கும்.

பாட்டுப் போட்டுவிட்டார்கள், கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஆவுடைக்கா, ஒத்த வார்த்தையில ரெண்டு பேரையும் சேத்துட்டீங்களே, எங்க வயித்துல பால வாத்துட்டீங்க என்று கோமதி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். இந்தத் தடவை அவனைப் பிடித்து இறக்கியது சுயம்பு. அவள் முன்னால் வந்து நின்றான், கிட்டத்தில் பார்த்தால் ரொம்பக் கிழடு தட்டியிருந்தது, அப்பாவின் முகம் வந்துவிட்டது அவனுக்கு. எழுந்திரிக்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்தாள்.

“ஏட்டி, வெள்ளிக்கெழம ரெண்டு பேருமா வந்து பத்திரிக வைங்க. பிள்ளைக்கு மாலை நான் கொண்டாரேன்.”

இதே வார்த்தையைத்தான் அத்தனை தையிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் எதிர்பார்த்திருந்தாள், கேட்டால் என்ன செய்வோம் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கதறுவாள், எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். கையைப் பிடிக்கவில்லை. சரிண்ணே என்றாள். சுயம்பு பின்னால் நின்று, நான் கூட்டியாறேன் மச்சான் என்றார், இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள், அந்த நிர்மல் பயலுக்குத் தொடைப் பிடியே வராது தெரியுமா என்று அண்ணன் சொன்னதும் இவர் ஆமோதித்ததும் அவளுக்குக் கேட்டது. அப்போதுதான் அழுகை வந்தது, அடக்க அடக்க வந்தது. பாவம், சந்தோஷம் தாங்கலை அக்காவுக்கு என்று கோமதி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.